ஸ்ரீலங்கா ஜெயிச்சிடுச்சா?



சென்ற இதழில் மழைநீர்த் தொட்டி பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "அடுத்த தடவை கொஞ்சம் சுவையா ஏதாவது எழுதுங்க சார்" என்று நம் செயலாளர் சொன்னார். அதனால் இந்தத் தடவை பாட்டு. பாட்டுப் போட்டி என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

2023 டிசம்பர் 18, திங்கட்கிழமை காலை. கேட் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஸ்கூல் வேனுக்காக நின்ற சி பிளாக் பையன், "தாத்தா, ஸ்ரீலங்கா ஜெயிச்சிடுச்சு!" என்று கத்தினான். கிரிக்கெட் என்று நினைத்து, "யாரோட மேட்ச்?" என்று கேட்டேன். "மேட்ச் இல்ல தாத்தா, பாட்டு!"

உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். முந்தின நாள் ஞாயிறு, ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் மூன்றாவது சீசன் இறுதிச் சுற்று. சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கத்தில் நடந்தது. அதே இரவு திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மழைச் செய்திக்கும் பாட்டுக்கும் ரிமோட்டை மாற்றி மாற்றி அழுத்தினோம். கடைசியில் பட்டமும் 10 லட்ச ரூபாயும் யாழ்ப்பாணம் அரியாலையிலிருந்து வந்த கில்மிஷா என்ற சிறுமிக்கு. அந்த மாதமே பலாலி விமான நிலையத்தில் இறங்கிய பிள்ளையை ஊரே திரண்டு வரவேற்றதைப் போனில் பார்த்தோம்.

பையனுக்கு அது "ஸ்ரீலங்கா". நான் முப்பத்தைந்து வருஷம் பேரேடு எழுதியவன். வரவு யார் கணக்கில் என்று பார்க்காமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியாது. ஜெயித்தது எந்த ஸ்ரீலங்கா? கேள்வி சின்னதாகத்தான் இருந்தது. பதிலைத் தேடப் போனால் அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது.

என் வயதுக்காரர்களுக்கு இலங்கை என்றால் முதலில் வானொலி. நான் வளர்ந்தது கடலூர் ஓ.டி.யில். எழுபதுகளில் துறைமுகம் பக்கத்து டீக்கடை ரேடியோவில் கொழும்பு கேட்கும் தெளிவில் சென்னை கேட்காது. காலையில் 'பொங்கும் பூம்புனல்' தொடங்கினால் பள்ளிக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது என்று அர்த்தம். வீட்டில் கடிகாரம் ஓடாவிட்டாலும் கவலை இல்லை.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவில் அதைக் குறைத்துக் கட்டினார். கொழும்பிலோ இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைவீரர்களுக்காக வைத்த சக்திவாய்ந்த ஒலிபரப்புச் சாதனம் இருந்தது. 1950-லேயே அங்கே வர்த்தக ஒலிபரப்பும் தொடங்கியாகிவிட்டது. இங்கே கதவைச் சாத்தினார்கள், பாட்டு கடல் வழியாகச் சுற்றி வந்தது. நம் ஸ்டூடியோக்களில் பதிவான பாட்டை நாம் வெளிநாட்டு வானொலியில் கேட்டோம்! 1957-ல் விவித் பாரதி வந்தது. அதற்குள் நம் காது கொழும்புக்குப் பழகிவிட்டது. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீது என்ற பெயர்கள் சினிமா நட்சத்திரங்களின் பெயர்களுக்குச் சமம். முகம் தெரியாது, குரல் தெரியும்.

அந்த அப்துல் ஹமீதிடமிருந்துதான் பாட்டுப் போட்டிக் கதையைத் தொடங்க வேண்டும். அவர் வானொலியில் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' 1990களில் சன் டிவிக்கு வந்தது. கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டை உடனே பாட வேண்டும், அவ்வளவுதான். குரல் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, நினைவு வேண்டும். தமிழ்நாட்டு ஊர்களில் மட்டுமில்லாமல் தமிழர் குடியேறிய வெளிநாட்டு நகரங்களிலும் அந்த மேடை போடப்பட்டது. தமிழில் பல நாட்டுக்காரர் கலந்துகொண்ட தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி என்றால் என் கணக்கில் முதல் பதிவு அதுதான். நடுவில் நின்று நடத்தியவர் இலங்கைக்காரர். போட்டியில் கலந்துகொள்ளும் முன்பே இலங்கை நடுவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரத்துக்காரர்கள் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள். நான் பி.காம். படித்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். ஹாஸ்டலில் யாழ்ப்பாணத்து மாணவர்கள் இருந்தார்கள். இசைக் கல்லூரியிலும் இருந்தார்கள். அங்கே வாங்கிய சங்கீத பூஷணம் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு ஊர் திரும்பி, அங்கே பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர்கள் பலர். அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரே மட்டக்களப்புப் பக்கம் காரைதீவைச் சேர்ந்த சுவாமி விபுலானந்தர். 1931-ல் வந்தார். பழந்தமிழ் இசையைப் பற்றி அவர் எழுதிய 'யாழ் நூல்' 1947-ல் நம் தஞ்சைச் சீமையில் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அரங்கேறியது. அதற்கும் முன்னால், 1864-ல் ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. ஞானப்பிரகாசர் குளத்தைத் தாண்டிப் போகிறோமே, அந்த ஞானப்பிரகாசரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான்.

இன்னொன்று. டி.எம்.எஸ். பாடி, கோயில்தோறும் ஒலிபெருக்கியில் கேட்கிற மயிலைக் 'கற்பகவல்லி' பாட்டை எழுதியவர் யார் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை கேட்டேன். பாபநாசம் சிவன் என்று நான்கு பேர் பதில் போட்டார்கள். எழுதியவர் யாழ்ப்பாணம் இணுவிலைச் சேர்ந்த வீரமணி ஐயர். ஆக, பாட்டில் அவர்களுக்கும் நமக்கும் கொடுக்கல் வாங்கல் வெகுகாலமாக உண்டு. கில்மிஷா புதிதாகத் தொடங்கிய கணக்கு என்று நினைக்க வேண்டாம்.

இப்போது டிவிப் போட்டிகள். விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் 2006-ல் தொடங்கியது. ஆரம்பத்தில் அது நம்மூர், கேரளம் என்ற அளவில் இருந்தது. 2012 ஜூனியர் சீசனில் அமெரிக்காவிலிருந்து வந்த பிரகதி இரண்டாம் இடம் பிடித்தபோதுதான், வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இந்த மேடை திறந்திருப்பது பளிச்சென்று தெரிந்தது. அடுத்த ஜூனியர் சீசனில் ஜெசிகா வந்தார். கனடாவில் வளரும் ஈழத்துப் பிள்ளை.

2015 பிப்ரவரியில் நடந்த அந்த இறுதிச் சுற்றை என் வீட்டில் இன்னும் பேசுகிறோம். 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் சொந்த மண்ணை விட்டுப் போகிறவர்கள் பாடும் பாட்டை அந்தச் சிறுமி பாடினார். என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். முதலிடம் ஸ்பூர்த்திக்கு, 70 லட்ச ரூபாய் வீடு. ஜெசிகாவுக்கு இரண்டாமிடம், ஒரு கிலோ தங்கம். நகைக்கடன் கவுன்ட்டரில் உட்கார்ந்தவனுக்கு உடனே மனக்கணக்கு ஓடும். அன்றைய விலையில் 25 லட்சத்துக்கு மேல். அந்தத் தங்கத்தைத் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் உள்ள ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக மேடையிலேயே அறிவித்தார்கள். இரண்டாம் இடத்துக்கு இவ்வளவு பேர் எழுந்து கைதட்டி அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

நான் அந்தப் பிள்ளைக்குத்தான் ஓட்டுப் போட்டேன். என் மகளின் செல்போனிலிருந்தும் போட்டேன். ஸ்பூர்த்தியைவிட நன்றாகப் பாடினாரா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்கிறேன், இல்லை. ஸ்பூர்த்தியின் சங்கீதம் இன்னும் கெட்டி. எனக்கு 2009-ம் வருஷம் மனதில் இருந்தது. முள்ளிவாய்க்கால் நேரத்தில் நாம் டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அதற்கு ஒரு ஓட்டாவது போடலாம் என்றுதான் விரல் போனது. பாட்டுப் போட்டியில் இப்படி ஓட்டுப் போடுவது முறையா? தெரிந்தே செய்தேன். பலரும் செய்திருப்பார்கள்.

இது நம்மூர் வழக்கம் மட்டும்தானா என்ற சந்தேகம் 2024 மே மாதம் தீர்ந்தது. மகளைப் பார்க்க ஜூரிச் போயிருந்தோம். அங்கே ஒரு சனிக்கிழமை இரவு தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. யூரோவிஷன் என்ற பாட்டுப் போட்டி. 1956-ல் அந்த நாட்டின் லுகானோ நகரத்தில் ஏழு நாடுகளோடு தொடங்கியதாம். முதல் வெற்றியும் ஸ்விட்சர்லாந்துக்கே. இங்கே பாடகர் தன் பெயரில் நிற்பதில்லை, நாட்டின் பெயரில் நிற்கிறார். ஒவ்வொரு நாடும் மற்ற நாடுகளுக்கு மார்க் போடும், உச்ச மார்க் 12. சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போட முடியாது. இந்த ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. செக் எழுதியவரே அதை பாஸ் பண்ணக் கூடாது அல்லவா?

அதற்கும் மனிதர்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மருமகன் சொன்னார். கிரேக்கமும் சைப்ரஸும் ஒன்றுக்கொன்று 12 போட்டுக்கொள்வது அங்கே வீட்டுக்கு வீடு சிரிக்கிற விஷயம். ஜெர்மனியில் குடியேறிய துருக்கியர் ஜெர்மன் நம்பரிலிருந்தே துருக்கிக்கு ஓட்டுப் போட்ட காலமும் உண்டு. மக்கள் ஓட்டு இப்படிப் பாசத்தில் சாய்கிறது என்ற புகார் பெருகியதால் 2009 இறுதிப் போட்டி முதல் பாதி மார்க்கை இசைத் துறை நடுவர்களிடம் கொடுத்துவிட்டார்களாம். நாங்கள் பார்த்த இரவில் ஸ்விட்சர்லாந்தின் நீமோ ஜெயித்தார். நடுவர் மார்க் 365, மக்கள் மார்க் 226, கூட்டினால் 591. மக்கள் ஓட்டை மட்டும் பார்த்திருந்தால் குரோஷியா ஜெயித்திருக்கும். கூட்டல் சரியாக இருக்கிறதா என்று பில் கவரின் பின்னால் போட்டுப் பார்த்தேன். மருமகன் சிரித்தார்.

அவர் சொன்ன இன்னொரு தகவல்தான் என் பழைய கேள்வியைக் கிளப்பிவிட்டது. 1988-ல் ஸ்விட்சர்லாந்துக்காகப் பாடி, பிரிட்டனை ஒரே ஒரு மார்க்கில் (137-க்கு 136) தோற்கடித்தவர் செலின் டியோன். டைட்டானிக் படப் பாட்டு பாடியவர். அவர் கனடாக்காரர்! 2009-ல் நார்வேக்கு வெற்றி வாங்கித் தந்த அலெக்சாண்டர் ரிபாக் பிறந்தது பெலாரஸில். அங்கே நாடு பாடகரை அனுப்புகிறது. பிறந்த இடத்தை யாரும் தோண்டுவதில்லை. நம் போட்டியிலோ எந்த நாடும் யாரையும் அனுப்பவில்லை. பிள்ளையும் அப்பா அம்மாவும் தாங்களாக வருகிறார்கள். நாம்தான் நாட்டின் பெயரை ஒட்டிவிடுகிறோம். ஜெசிகா கனடாவா, ஈழமா? ஒட்டுகிறவர் கையைப் பொறுத்தது.

கில்மிஷா பாடிய அதே சீசனில் இலங்கையிலிருந்து இன்னொரு பிள்ளையும் வந்தார், அசானி. மலையகத் தேயிலைத் தோட்டக் குடும்பம். பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் மேடையில் நின்ற அந்த 2023 என்ன வருஷம் தெரியுமா? தென்னிந்தியத் தமிழர்களைத் தோட்ட வேலைக்கு இலங்கைக்குக் கொண்டுபோகத் தொடங்கி 200 ஆண்டு ஆனதை மலையகத்து மக்கள் நினைவுகூர்ந்த வருஷம். அவர்களுடைய முன்னோர் இறங்கிய தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே போனார்கள். அந்த முன்னோர் கிளம்பியது நம் ஜில்லாக்களிலிருந்துதான். 1948-ல் சுதந்திர இலங்கை அவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை என்றது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு எத்தனை பேர் உனக்கு, எத்தனை பேர் எனக்கு என்று பிரித்தார்கள். யாழ்ப்பாணத்தையும் மலையகத்தையும் ஒரே 'ஸ்ரீலங்கா'வில் கூட்டி எழுதினால் தொகை வரும், விவரம் வராது.

ஆக மூன்று கணக்கு ஆயிற்று. கனடா மாதிரி நாடுகளுக்குப் போனவர்கள், யாழ்ப்பாணத்திலேயே இருப்பவர்கள், மலையகத்தார். நான்காவது ஒன்று உண்டு, நமக்கு மிகப் பக்கத்தில். அதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

நம் கடலூர் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021-ல் அவற்றின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. அதற்கு முன் அகதிகள் முகாம். 2014 வாக்கில் நான் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். முகாம் பெண்களின் சுயஉதவிக் குழுக் கணக்கு எங்களிடம் இருந்தது. குழுத் தலைவி ஒரு அம்மா, மாதம் ஒருமுறை பணம் கட்ட வருவார். ஒருநாள் ஒன்பதாவது படிக்கும் மகனையும் கூட்டிவந்திருந்தார். கவுன்ட்டரில் கூட்டம். பெஞ்சில் உட்கார்ந்த பையன் தன்பாட்டுக்கு மெல்லப் பாடிக்கொண்டிருந்தான். டோக்கன் எண்ணைக் கூப்பிட வேண்டிய நான் கூப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நல்லாப் பாடுறானேம்மா. டிவி போட்டிக்கு அனுப்புங்களேன்" என்றேன்.

"போகத்தான் ஐயா இருந்தவன். மெட்ராஸில தேர்வு. அண்டைக்குப் பார்த்து முகாமில செக்கிங். விட்டிட்டம்" என்றார்.

முகாமில் குறித்த நாளில் ஆள்கணக்கு எடுப்பார்கள். குடும்பமாக நின்று பதிவு காட்ட வேண்டும். முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்கினால் போகலாமாம். அதற்கு யாரைப் பார்ப்பது, மனு எப்படி எழுதுவது என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கு மனு எழுதத் தெரியும். வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்தேன். அடுத்த தேர்வு எப்போது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பணத்தை வாங்கி, பாஸ்புக்கில் பதிவு போட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

சில மாதம் கழித்து ஜெசிகாவுக்கு இரண்டு போனிலிருந்து ஓட்டுப் போட்டவனும் நானேதான். அந்த மார்ச் மாதம் பணம் கட்ட வந்த அம்மாவிடம் பெருமையாக, "உங்க பொண்ணு ஜெயிச்சுதே, பார்த்தீங்களா?" என்றேன். "ஓம் ஐயா, பார்த்தனாங்கள். நல்ல பிள்ளை. கனடா பாஸ்போர்ட் இருக்கு, வந்து பாடிட்டுப் போகுது" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதைப் போலச் சொன்னார். அவருடைய மகன் பிறந்தது இந்த மாவட்டத்தில். எந்த நாட்டு பாஸ்போர்ட்டும் கிடையாது. போட்டி நடத்துகிறவர்கள் அவனை வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த விதியும் தடுக்கவில்லை. இரண்டு மூன்று மணி நேரப் பஸ் பயணம், ஒரு நாள் அனுமதி, அவ்வளவுதான் குறுக்கே இருந்தது.

இதெல்லாம் பழைய கதை என்று விட்டிருப்பேன். சென்ற ஆண்டு நம் ஏ பிளாக்குக்குப் பெயின்ட் அடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? சாரத்தின் மேலே நின்று ஒருவர் பாடிக்கொண்டே வேலை செய்கிறார், மத்தியானத் தூக்கம் போகிறது என்று குழுவில் இரண்டு புகார் வந்தது. அவர் பாடினால் எனக்கு வேலையே ஓடவில்லை என்று மூன்றாம் மாடி அம்மா ஒருவர் பதில் போட்டார். நான் கீழே நின்று கேட்டேன். குரல் உடைந்து கனத்திருந்தது, ஆனால் அந்த இழுப்பு அப்படியே இருந்தது. டீ குடிக்க இறங்கியவர் என்னை உற்றுப் பார்த்து, "ஐயா, நீங்க பேங்க்ல இருந்தவர்தானே?" என்றார்.

அம்மா நலம். அவருக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர், நெய்வேலிப் பக்கம் கல்யாணக் கச்சேரிகளில் பாடுகிறாராம். கில்மிஷா ஜெயித்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். முகாமில் வெடி போட்டோம் என்றார். அன்றைக்கு மனு எழுதித் தராததைப் பற்றி நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவருக்கு அப்படி ஒரு நாள் நினைவிலேயே இல்லை. டம்ளரை வைத்துவிட்டுச் சாரத்தில் ஏறிவிட்டார்.

ஏப்ரலில் நம் சங்க ஆண்டு விழாவுக்கு மெல்லிசைக் குழு தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இவருடைய போன் நம்பரை வாட்ச்மேனிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். செயலாளருக்கு ஒரு வேண்டுகோள்: விழாத் தேதியை முடிவு செய்யும் முன் அவரிடம் கேட்டுவிடுங்கள். செக்கிங் நாளில் வைத்துவிடாதீர்கள்.